முதலில் தரையா, மரமா? வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைத் திட்டமிடும்போது

தவறான இடத்தில் வைத்த செம்பருத்தியை ஒரு மாலை வேளையில் தோண்டி வேறிடத்தில் நட்டுவிடலாம். தவறாக விட்ட தரை வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவைச் சரிசெய்ய வேண்டுமானால், போட்ட நடைபாதையை உடைக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்த மரம் தவறு என்று தெரியவரும்போது அதற்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். வெட்ட மனம் வராது, விட்டுவைக்கவும் முடியாது.

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை அமைக்கத் தொடங்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று வழிகள் எதிரே வந்து நிற்கும். புல்தரையா கல்தரையா, மதிலா உயிர்வேலியா, பெரிய கன்றா சிறிய கன்றா. எது அழகு என்று கேட்டால் எல்லாமே அழகுதான். அதனால் நான் வேறொரு கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: இது தவறாகப் போனால் திருத்த என்ன ஆகும்? திருத்தக் கடினமானதற்கு அதிக யோசனை, எளிதில் மாற்றக்கூடியதற்குக் குறைந்த யோசனை. நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பூவின் நிறத்துக்காக ஒரு வாரம் அலைகிறோம். மரத்துக்கான இடத்தை, குழி தோண்ட வந்தவர் கடப்பாரையோடு நிற்கும்போது கையைக் காட்டி முடிவு செய்கிறோம்.

உடனே தொடங்குவதா, ஒரு வருடம் பொறுப்பதா

பொறுப்பவருக்குக் கிடைப்பது தகவல். வட அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், கோடையில் உச்சிக்கு ஏறிவிடும். தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே தாழும். குளிர்காலத்தில் பார்த்து "இது நிழல்" என்று நீங்கள் முடிவு செய்த மூலையில் கோடையில் ஆறு மணி நேரம் நேர்வெயில் அடிக்கலாம். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வீட்டில் உள்ளவர்கள் வாசலிலிருந்து குழாயடிக்கு எந்த வழியாக நடக்கிறார்கள், மாலைக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையெல்லாம் ஒரு முழுச் சுற்றுப் பருவம் பார்த்தால்தான் தெரியும். காகிதத்தில் போட்ட வளைந்த பாதையை யாரும் மதிப்பதில்லை. கால்கள் குறுக்கே போய்த் தாமே ஒரு தடம் போட்டுவிடும்.

பொறுப்பதில் இழப்பும் உண்டு. மரத்தின் வாழ்நாளில் ஒரு வருடம் போகிறது. திறந்து கிடக்கும் மண்ணை மழை அரித்துக்கொண்டு போகும், களை ஏறும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். அந்த ஒரு வருடத்தில், பிறகு கலைக்க வேண்டியிராத வேலைகளை மட்டும் செய்யுங்கள். கட்டட வேலையில் புதைந்துபோன செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, மணல் எல்லாவற்றையும் தோண்டி எடுங்கள். சுவரோரம் கிடக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். அப்படிப்பட்ட மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நாம் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவோம். லாரி ஏறி இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, மக்கிய உரம் கலந்து, மேலே இலைச்சருகு பரப்பிவிட்டால் அந்த வருடம் வீணாகாது.

அதே நாட்களில் இரண்டு சோதனைகளையும் செய்துவிடலாம். ஓரடி ஆழத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டர், ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 2.5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு நல்லது. ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் வேர் அழுகும். வடிகால் வேண்டும், அல்லது மேடை கட்டி நட வேண்டும். இன்னொன்று, கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைப்பது. மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களிமண் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அடுக்குகளின் கனத்தைப் பார்த்தாலே உங்கள் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். களிமண் அதிகம் என்று கண்டால் மணலைக் கொட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களிமண் காய்ந்தால் செங்கல்போல் இறுகும். களிமண்ணைத் திருத்துவது இலைமக்கும் காலமும்தான்.

அப்புறம் வரைபடம். நூறில் ஒரு பங்கு அளவில், தரையில் ஒரு மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்று வையுங்கள். வீடு, வாசல்கள், ஜன்னல்கள், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க், மண்ணுக்கடியில் போகும் மின்கம்பி, தலைக்கு மேலே போகும் கம்பி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மரத்தை வரையும்போது கன்றின் அளவில் வரையாதீர்கள். முழுதாக வளர்ந்தால் தலை எவ்வளவு அகலம் விரியுமோ அந்த வட்டத்தைப் போடுங்கள். எட்டு மீட்டர் விரியும் மரத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வட்டம். பத்துக் கன்று வைக்க நினைத்த இடத்தில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். தோட்டத் தவறுகளில் பாதியை இந்த ஒரு வட்டம் தடுத்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

ஒரே மூச்சிலா, கட்டம் கட்டமாகவா

ஒரே மூச்சில் முடித்தால் தூசியும் சேறும் ஒரு தடவையோடு போகும். மண் அள்ளும் இயந்திரம் உள்ளே வந்துபோக வழி திறந்திருக்கும். ஆனால் பணம் முதலில் கல்லுக்கும் சுவருக்கும் போய், கடைசியில் மண்ணுக்கும் செடிக்கும் ஒன்றும் மிஞ்சாமல் போவது வழக்கம். கட்டம் கட்டமாகச் செய்தால் செலவு பிரியும், முதல் கட்டத்தில் கற்றது அடுத்ததில் உதவும். அதன் ஆபத்து, இரண்டாம் கட்டம் முதல் கட்டத்தை உடைப்பது. போன வருடம் போட்ட பாதையை இந்த வருடம் தண்ணீர்க் குழாய்க்காகப் பெயர்க்கும் வீடுகள் எத்தனையோ.

திட்டத்தை ஒரே மூச்சில் போடுங்கள், வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்யுங்கள். வரிசை முக்கியம். தரை வாட்டமும் வடிகாலும் முதலில், பிறகு மண்ணுக்கடியில் போகிற குழாயும் கம்பியும், அதன்பின் சுவரும் பாதையும், அடுத்து மரங்கள், பிறகு புதர்ச் செடிகள், புல் கடைசி. பாதை போடும்போதே அதற்கடியில் குறுக்காக ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, இரு முனைகளையும் மூடி, இடத்தை வரைபடத்தில் குறித்துவையுங்கள். நாளைக்குச் சொட்டுநீர்க் குழாயோ விளக்குக் கம்பியோ போக வேண்டுமென்றால் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் அதன் வழியாக இழுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் போகும் வழி

இதில் தேர்வு என்று பெரிதாக இல்லை. தண்ணீர் வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான். சுவரிலிருந்து முதல் மூன்று மீட்டருக்குள் மண் 15 சென்டிமீட்டர் இறங்கினால் நல்லது. கல் பாவிய தரைக்கு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் போதும். பூப்பாத்திக்காக மண்ணை அணைத்து அணைத்து, சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே ஏற்றிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே சுவர் பூத்துப் பெயிண்ட் உரியும்போது காரணம் வெளியே பாத்தியில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. பாத்தியின் மட்டம் அந்த அடுக்குக்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும்.

வடிகால் வேண்டுமென்றால், ஜல்லிக்குள் புதைக்கும் ஓட்டைக் குழாயைவிடப் புல்லோ கூழாங்கல்லோ போர்த்திய ஆழமற்ற திறந்த வாய்க்காலைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் சரிசெய்யலாம். புதைத்த குழாய் அடைத்தது, வீட்டுக்குள் ஈரம் வந்த பிறகுதான் தெரியும். இடமே இல்லாத ஒடுக்கமான பக்கங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

தரை: புல், செடி, கல், ஜல்லி

புல்தரை மீது நமக்கு இருக்கும் ஆசை அவ்வளவு பழையதல்ல. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு புல்லை அரிவாளால் அறுக்க ஆள் வேண்டும், அல்லது ஆடு மேய வேண்டும். அதனால் வழுவழுப்பான புல்தரை பெரும் செல்வர்களிடம் மட்டுமே இருந்தது. இயந்திரம் வந்தபின் அது சாதாரண வீட்டுக்கும் வந்தது. வேலையும் கூடவே வந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். வெயில் காலத்தில் புல்லுக்கு நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் வேண்டுமென்றால், நூறு சதுர மீட்டர் புல்தரை நாளுக்கு 500 லிட்டர் குடிக்கும். இந்தத் தண்ணீர் உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். வறட்சியை எதிர்கொள்ளவே 1981இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம், குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் முறையை முன்வைத்து அதற்கு 'ஜெரிஸ்கேப்' என்று பெயர் சூட்டியது. அந்த முறையிலும் புல்லுக்குத் தடை இல்லை. பயன்படும் இடத்தில் மட்டும் புல் வை என்பதுதான் அதன் நிலை, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. குழந்தைகள் விழுந்து புரள, வெறுங்காலோடு நடக்க, புல்லுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. ஆனால் யாரும் காலே வைக்காத ஒடுக்கமான பக்கவாட்டுப் பட்டையிலும், அடர்ந்த மரநிழலிலும், இயந்திரம் திரும்ப முடியாத கூர்மூலையிலும் புல் வைப்பது, வாரம்தோறும் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. நாளுக்கு நாலைந்து மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் புல் மெலிந்து, பாசிதான் படரும்.

தரைமூடிச் செடிகள் அந்த இடங்களுக்கெல்லாம் நல்ல விடை. வெட்ட வேண்டாம், தண்ணீர் குறைவு, நிழலைத் தாங்கும் வகைகளும் உண்டு. இரண்டு குறைகளைச் சொல்லிவிட வேண்டும்: அடிக்கடி மிதித்தால் செத்துப்போகும், அடர்ந்து படரும்வரை, ஏறக்குறைய முதல் ஒன்றரை வருடம், களையெடுப்பு உங்கள் தலையில்தான். அந்தக் காலத்தைத் தாண்டாமல் பாதியில் விட்டவர்கள்தான் "அது வராது" என்று சொல்வார்கள்.

ஜல்லி அல்லது கூழாங்கல் பரப்புவது பராமரிப்பே இல்லாத வழி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மழைநீரை உள்ளே விடும், உண்மைதான். வெயிலில் சூடாகி இரவிலும் வெப்பத்தை விடும், ஓரக்கட்டு இல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் ஓடும், மரத்தடியில் போட்டால் சருகைக் கல்லிலிருந்து பிரிக்கவே முடியாது. அடியில் களைத்துணி விரித்தால் களை வராது என்பார்கள். கீழிருந்து வராது; காற்றில் வரும் தூசியும் மக்கும் சருகும் கல்லிடுக்கில் சேர, விதை மேலே விழுந்து முளைக்கும். வேர் துணியைப் பின்னிக்கொண்ட பிறகு பிடுங்கவும் வராது. பாத்திக்குள் அந்தத் துணியை நான் ஒருபோதும் போடமாட்டேன். மேலே விழும் இலைமக்கு மண்ணைச் சேராமல் மண் பட்டினி கிடக்கும். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு மரப்பட்டையோ சருகோ மூடாக்காகப் போட்டால் களை அடங்கும், ஈரம் நிற்கும், மண்ணும் வளரும். அது மக்கிக் குறையும், மறுபடி போட வேண்டும். குறைவதால்தான் அது நல்லது.

பாவுகல் நடக்க எளிது, சுத்தம் செய்ய எளிது, தவறினால் திருத்தக் கடினம். அது சாய்வதும் மேடுபள்ளமாவதும் கல்லின் குற்றம் அல்ல, அடித்தளத்தின் குற்றம். ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கிய 10 முதல் 15 சென்டிமீட்டர் அடித்தளம் இல்லாமல் மண்மேல் நேராகப் பாவினால் இரண்டு மழைக்காலம் தாங்காது. வாகனம் ஏறும் இடத்துக்கு இன்னும் கனமாக வேண்டும். வாசலுக்குப் போகும் பாதை, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்படி 1.2 மீட்டராவது இருக்கட்டும். தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதைக்கு 60 சென்டிமீட்டர் போதும். படி வேண்டுமென்றால், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளோந்தேல் சொன்ன கணக்கு இன்றைக்கும் நிற்கிறது: உயரத்தின் இரு மடங்கும் அகலமும் சேர்ந்து ஒரு நடையின் நீளம், ஏறத்தாழ 60 முதல் 65 சென்டிமீட்டர். வெளியில் உயரம் 15, அகலம் 33 என்று வைத்தால் வயதானவர்களும் தடுமாறாமல் ஏறுவார்கள்.

செயற்கைப் புல் பற்றி ஒரு வரி போதும். நேர்வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும், குழந்தை கால் வைக்க முடியாது.

ஆக, கால் ஓயாமல் படும் இடத்துக்குக் கல், விளையாடும் இடத்துக்குப் புல், மீதிக்கெல்லாம் செடியும் மூடாக்கும். சந்தேகம் உள்ள இடத்தைச் செடிக்கு விடுங்கள். செடியைக் கல்லாக மாற்றுவது எளிது, கல்லைச் செடியாக மாற்றுவது சிரமம்.

மரம்: விரைந்து வளர்வதா, நிதானமாக வளர்வதா

நிழல் உடனே வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் விரைந்து வளரும் மரங்களில் பலவற்றின் கட்டை லேசானது, கிளை முறியும், ஆயுளும் குறைவு. அமெரிக்காவில் 1963இல் அறிமுகமான 'பிராட்ஃபோர்டு' பேரி மரத்தின் கதை இதற்கு நல்ல பாடம். விரைவாக வளரும், வசந்தத்தில் மரம் முழுக்க வெள்ளைப் பூ, அளவான தலை. வீடுகளிலும் தெருக்களிலும் எங்கும் நட்டார்கள். அதன் கிளைகள் குறுகிய கோணத்தில் நெருக்கமாகக் கிளம்புபவை. இருபது வருடம் ஆவதற்குள் காற்றில் நடுவே பிளந்து விழ ஆரம்பித்தன. கூடவே மற்றப் பேரி வகைகளோடு சேர்ந்து காய்த்து, விதை காட்டுக்குள் பரவியது. 2023இல் ஓஹையோ மாநிலம் அந்த இனத்தை விற்கவே தடை போட்டது. நட்ட ஒவ்வொருவரும் நல்ல மரம் என்று நம்பித்தான் நட்டார்கள்.

நிதானமாக வளரும் மரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை வெயிலைப் பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பந்தலும் கொடியும் நிரப்பும். பந்தலைப் பிரித்துவிடலாம், மரத்தைப் பிரிக்க முடியாது. எனவே நிரந்தர இடத்தில் நிதான மரம், தற்காலிக நிழலுக்குப் பந்தல் என்பது என் தேர்வு. மாலை வெயில் விழும் மேற்குப் பக்கத்தில் ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், அந்த ஒன்றுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் யோசியுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நடுவது என்பதற்கு, முழு வளர்ச்சியில் விரியும் அகலத்தில் பாதியைவிடக் கூடுதலாகச் சுவரிலிருந்து விலக்குங்கள். எட்டு மீட்டர் விரியும் மரத்துக்கு நாலரை, ஐந்து மீட்டர். வேர் நேராகக் கீழே இறங்கும், தலையின் அளவுக்கே பரவும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலான வேர்கள் மேல் அரை மீட்டர் மண்ணுக்குள்ளேதான் இருக்கின்றன; பக்கவாட்டில் தலையின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்குகூடப் போகும். நல்ல குழாயை வேர் தேடி வந்து உடைப்பது அரிது. ஏற்கெனவே கசியும் இணைப்பில் ஈரம் கண்டு நுழைந்து, உள்ளே பருத்து அடைக்கும். ஆலும் அரசும் சேர்ந்த அத்திக் குடும்பத்து மரங்களைச் சிறிய வீட்டு நிலத்தில் வைக்கவே வேண்டாம். மூங்கிலில் குத்தாக வளரும் வகையும் உண்டு, மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் வகையும் உண்டு. வாங்கும்போது எது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஓடும் வகை பக்கத்து வீட்டுக்கும் போய் முளைக்கும்.

பெரிய கன்றா, சிறிய கன்றா

ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்த கன்றை வைத்தால் அன்றைக்கே தோட்டம் நிறைந்ததுபோல் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய மரத்தைத் தோண்டி எடுக்கும்போது அதன் வேரில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே அறுந்து நின்றுவிடுகிறது. அடிமரம் 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் மரம் மீள்கிறது என்பது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் வழிகாட்டல். பத்து சென்டிமீட்டர் தடிமன் மரம் நாலு வருடம் திகைத்து நிற்கும். வெப்பமான இடங்களில் இது சீக்கிரமே நடக்கும், ஆனாலும் பெரியதற்கு அதிக நாள் என்பது மாறாது. அதற்குள் பக்கத்தில் வைத்த சிறிய கன்று வேர் ஊன்றிக் கிளம்பி, சில வருடங்களில் அதை எட்டிப் பிடித்துவிடும். வாசலுக்கு எதிரே உடனே மறைப்பு வேண்டும் என்பதுபோல் உண்மையான காரணம் இருந்தால் மட்டும் பெரியதை வாங்குங்கள். இரண்டு வருடம் தவறாமல் தண்ணீர் விட ஆள் இருக்க வேண்டும்.

நடுவதில் நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். காற்றில் ஆடாமல் நிற்கட்டும் என்று ஒரு கன்றை ஆழமாக வைத்து, அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மிதித்தேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வருடம் உச்சி இலைகள் சிறுத்து மெலிந்தன. தண்ணீர் கூட்டினேன், உரம் வைத்தேன், பயனில்லை. கடைசியில் அடியைச் சுரண்டிப் பார்த்தபோது, பையிலேயே வட்டமாகச் சுழன்றிருந்த ஒரு வேர், புதைந்த அடிமரத்தைக் கயிறுபோல் இறுக்கியிருந்தது. அந்த மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு கன்றையும் அவசரமாக நட்டதில்லை.

அடிமரம் வேராக விரியத் தொடங்கும் இடம் மண்மட்டத்தில், அல்லது ஒரு விரல்கடை மேலே, கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழி வேர்மண் உருண்டையைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழமோ அந்த உருண்டையின் உயரம் மட்டும். ஆழமாகத் தோண்டி உதிரி மண் நிரப்பினால் மரம் பிறகு அமிழும். பையைக் கழற்றியதும் சுழன்ற வேர்களைப் பிரித்துவிடுங்கள், பிரியாததை வெட்டிவிடுங்கள். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் மட்டும் வளமான மண்ணைப் போட்டால் வேர் அதை விட்டு வெளியே போகத் தயங்கும். முட்டுக் குச்சியை ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் ஆடினால்தான் அடிமரம் பருக்கும். மூடாக்கை அடிமரத்தில் ஒட்டவைக்காமல் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள்.

எல்லை: மதிலா, உயிர்வேலியா

மதில் முதல் நாளே மறைக்கும், அரை அடி அகலத்தில் முடிந்துவிடும், கவாத்து வேண்டாம். காற்றைத் தடுப்பதில்தான் அது நினைத்த அளவுக்கு உதவாது. முழுத் தடுப்பில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை வடிகட்டி விடும் வேலி, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்றைத் தணிக்கும். உயிர்வேலி பறவைக்கு இடம், தூசிக்கு வடிகட்டி. ஆனால் ஒரு மீட்டர் அகலமாவது எடுத்துக்கொள்ளும், வருடம் இரண்டு மூன்று முறை வெட்ட வேண்டும், மறைக்க மூன்று நாலு வருடம் ஆகும்.

இங்கேயும் அவசரம்தான் கெடுக்கிறது. வருடத்துக்கு ஒரு மீட்டர்வரை வளரும் லேலண்ட் சைப்ரஸை பிரிட்டனில் வேலிக்காக வரிசை வரிசையாக நட்டார்கள். வெட்டாமல் விட்டால் முப்பது மீட்டரைத் தாண்டும் மரம் அது. அண்டை வீட்டு வெளிச்சத்தை மறைத்து, சண்டைகள் பெருகி, கடைசியில் உயர்ந்த வேலிகளைப் பற்றிய புகாரை உள்ளூர் நிர்வாகம் விசாரிக்க 2003இல் சட்டத்திலேயே வழி செய்ய வேண்டியதாயிற்று. வேலிக்குச் செடி தேடும்போது எவ்வளவு வேகம் என்று கேட்பதைவிட, எந்த உயரத்தில் தானே நிற்கும் என்று கேளுங்கள். இரண்டு மீட்டர் வேலி வேண்டுமென்றால் மூன்று மீட்டரில் நின்றுவிடும் செடியே போதும். இடம் ஒடுக்கமாக இருந்தால் கம்பி வேலியில் கொடி ஏற்றுவது இரண்டுக்கும் நடுவான வழி, தவறினால் திருத்தவும் எளிது.

தண்ணீர் விடுவது

கையால் ஹோஸ் பிடித்து விடுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு: தினமும் ஒவ்வொரு செடியையும் பார்ப்பீர்கள். பூச்சியும் வாட்டமும் உடனே கண்ணில் படும். ஆனால் பெரும்பாலும் மேல்மண் மட்டும் நனையும், வேர் மேலேயே நிற்கும், நாலு நாள் வெளியூர் போனால் செடி வாடும். தெளிப்பான் புல்தரைக்குப் பொருந்தும். காற்றிலும் வெயிலிலும் ஒரு பங்கு வீணாகும். பாத்திக்கும் புதர்ச் செடிக்கும் மரக்கன்றுக்கும் சொட்டுநீர்தான் சிறந்தது. 1960களில் இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் உருவாக்கிய சொட்டுவான்கள் பாலைநிலத்துக்காக வந்தவை. விட்ட தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வேருக்கே போய்ச் சேரும். வடிகட்டியைக் கழுவாவிட்டால் அடைக்கும், மரம் வளர வளரச் சொட்டுவான்களை வெளியே நகர்த்த வேண்டும்.

எந்தக் கருவியை வாங்கினாலும், தாகம் அதிகமுள்ள செடியையும் வறட்சி தாங்கும் செடியையும் ஒரே பாத்தியில் வைத்தால் ஒன்று அழுகும் அல்லது ஒன்று வாடும். தண்ணீர்த் தேவையை வைத்துச் செடிகளைச் சேர்ப்பது வரைபடத்தில் செய்யும் வேலை, செலவே இல்லாதது.

செடிகள், அப்புறம் ஆள்

செடித் தேர்வைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் எளிது. ஒவ்வொன்றிலும் ஒன்று என்று இருபது வகை வாங்கினால் நர்சரியின் மாதிரி வரிசைபோல் இருக்கும். ஒரே வகையை மூன்று, ஐந்து என்று கூட்டமாக வைத்தால் கண் நிற்கும். ஆனால் எல்லாமே ஒரே வகை என்றால் ஒரு நோய் மொத்தத்தையும் கொண்டுபோகும். உங்கள் மண்ணில் இயல்பாக வளரும் செடிகளுக்கு முதலிடம் கொடுங்கள். வெளியூர்ச் செடி வாங்கினால் அது வேலி தாண்டிப் பரவுமா என்று விசாரியுங்கள். உண்ணிச்செடி முதலில் அழகுச் செடியாகத்தான் ஊர் ஊராகப் போனது.

நீங்களே திட்டமிடுவதா, வல்லுநரிடம் கொடுப்பதா என்பதும் இதே கேள்வியில் அடங்கும். நிலம் சரிவாக இருந்தாலோ, ஒரு மீட்டருக்கு மேல் மண்தாங்கும் சுவர் வேண்டியிருந்தாலோ, மழைநீர் வீட்டுப் பக்கம் வந்தாலோ பொறியாளரிடம் கட்டாயம் காட்டுங்கள். சமதளமான சிறிய நிலம் என்றால் நீங்களே போதும். வரைபடத்தை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரு மணி நேரம் காட்டிக் கருத்துக் கேட்டுக்கொள்ளலாம். அவரிடம் கொண்டுபோகும் தாளில் குழாய்கள் போகும் வழியும், மழைநாளில் தண்ணீர் தேங்கிய இடமும், கோடை மாலையில் நிழல் விழுந்த எல்லையும், வளர்ந்த மரத்தின் வட்டமும் குறித்திருக்கட்டும். கோடு போட்ட பிறகு, முளைக்குச்சியும் சணல் கயிறும் வைத்து அதை நிலத்தில் விரித்து, ஒரு வாரம் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள்; மாடி ஜன்னலிலிருந்தும் ஒரு தடவை பாருங்கள். மரம் வரப்போகும் இடத்தில் அதன் முழு அகலத்துக்கு ஹோஸ் பைப்பை வட்டமாகப் போட்டுவிட்டு, அதன் நடுவில் நின்று வீட்டைத் திரும்பிப் பாருங்கள். வட்டம் சுவரைத் தொட்டால் குச்சியைப் பிடுங்கித் தள்ளி நடுங்கள்.